களப்போரத்து வீட்டுக்கு எந்தப் பம்ப்? வாங்குமுன் ஒரு குழி தோண்டிப் பாருங்கள்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து கடல்வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர்களில் என் வாப்பாவும் உம்மாவும் இருந்தனர். பல வருடங்கள் ஓலைக் கொட்டிலில் இருந்துவிட்டு, மதுரங்குளிக்கு அருகே கனமூலையில் பத்துப் பேர்ச் காணி வாங்கினார்கள். விலை குறைவு. ஏன் குறைவு என்பது முதல் மாரியில்தான் விளங்கியது.

இடம்பெயர்ந்தவர்களின் கைக்காசுக்கு அகப்படுவது பெரும்பாலும் பள்ளக் காணிதான். நந்திக்கடல் ஓரத்திலும் மட்டக்களப்பு வாவிக் கரையிலும் வாழ்பவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு பம்புகளை வீணாக வாங்கிய பிறகு நான் கற்றுக்கொண்டதை அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரையிலும் முற்றத்திலும் விழும் மழை ஒன்று. மணலுக்குள்ளால் ஊறி வருவது இன்னொன்று. மூன்றாவது, களப்பே ஏறி வருவது. கலா ஓயாவும் மீ ஓயாவும் புத்தளம் களப்பில்தான் விழுகின்றன. களப்பு கடலோடு சேரும் பெரிய வாய் வடக்கே இருக்கிறது. களப்பு ஏறி முற்றத்துக்கு வந்துவிட்டால் எந்தப் பம்பும் உதவாது. இறைக்கும் தண்ணீர் மணல்வழியே திரும்பி வரும். பம்ப் முதல் இரண்டுக்கும்தான்.

அடுத்து, ஊற்றை அளக்க வேண்டும். காணியின் தாழ்ந்த மூலையில் இரண்டடி விட்டமுள்ள கிணற்று வளையம் ஒன்றை இறக்குங்கள். அடியிலும் சுற்றிலும் சல்லி போடுங்கள். இல்லாவிட்டால் மணல் பம்புக்குள் போகும். மாரி நேரத்தில் குழியை இறைத்துவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலம் சுமார் 7 லீற்றர். ஐந்து அங்குலம் ஏறினால் மணிக்கு 2,100 லீற்றர் வருகிறது. அதைப்போல் இரு மடங்கு இறைக்கக்கூடிய பம்ப் போதும். கூரைத் தண்ணீரை அந்தக் குழிக்குள் விடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9,000 லீற்றருக்கு மேல் சேரும். அதற்குத் தனிப் பீலி வேண்டும்.

என் முதல் பிழை பெட்டியில் எழுதியிருந்ததை நம்பியது. அதிலுள்ள கூடிய உயரமும் கூடிய அளவும் ஒன்றாகக் கிடைக்காது. கூடிய உயரத்தில் தண்ணீரே வராது. குழியின் அடியிலிருந்து குழாய் முடியும் இடம்வரை உயரத்தை அளந்து, அந்த உயரத்தில் எவ்வளவு வரும் என்று கடையில் கேளுங்கள்.

இரண்டாவது பிழை இரும்புப் பம்ப். உவர்த்தண்ணீர் அதை இரண்டு மாரிக்குள் தின்றுவிட்டது. பிளாஸ்டிக் உடலுள்ள, தண்ணீருக்குள் மூழ்கி இயங்கும் பம்பே எங்களுக்குச் சரி. தானாக இயங்கி நிற்க மிதவைச் சுவிட்ச் வேண்டும். இறைத்தது குழிக்குத் திரும்பாமலிருக்கக் குழாயில் ஒருவழி வால்வும் வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் பம்பைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

வெள்ளம் வரும்போது மின்சாரம்தான் முதலில் போகும். எங்கள் வளவில் மூன்று வீட்டார் சேர்ந்து, தோட்டத்துக்குப் பாவிக்கும் பெற்றோல் பம்ப் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். அதை வீட்டுக்குள் இயக்கக் கூடாது. புகை ஆளைக் கொல்லும்.

குழாய் எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். பக்கத்து வளவுக்கு விட்டால் சண்டைதான் மிஞ்சும். கிணற்றருகே விடவே கூடாது. வெள்ளத்தில் மலசலகூடக் குழி நிரம்பினால் அந்தத் தண்ணீரும் இதில் கலந்திருக்கும். வடிந்தபின் கிணற்றை இறைத்து, குளோரின் இட்டே பாவிக்க வேண்டும்.

காசு ஒன்றுக்கு மட்டும்தான் காணும் என்றால், பம்பை விட்டுவிட்டு வீட்டின் நிலத்தை இரண்டடி உயர்த்துங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பம்ப் குழியோடு மூழ்கிக் கிடந்தது. உயர்த்திய அறைதான் காப்பாற்றியது. மன்னாரில் காணி உறுதியை விட்டுவிட்டு வந்த உம்மா, இந்த முறை அதைப் பொலித்தீன் உறையில் போட்டு முகட்டு வளையில் கட்டியிருந்தார்.