பாதி கல்லூரி, பாதி கணினி

உத்தியோகத்தை விடாமல், பாதி கல்லூரியிலும் பாதி இணையத்திலும் பயின்று எம்.ஏ. பெறுவது தகுமா என்று கே.ஜி.கண்டிகை வாலிபர் யோசிக்கின்றனர். தகும் என்பதே நமது அபிப்பிராயம். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் தலைமை வகித்த 1948-ஆம் வருஷக் கமிஷனின் சிபார்சை ஒட்டி அமைந்த பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவப் பாடங்களில் நூற்றுக்கு 40 வரை ஸ்வயம் தளத்தில் பயில 2021-இல் இடமளித்தது. அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம் நேர்முகப் பட்டத்துக்குச் சமமென்றும் 2022-இல் அறிவித்தது. இதை மட்டமென இகழ்வது அறியாமை. சோதனைச்சாலை வேண்டிய ரசாயனத்துக்கு மட்டும் சென்னைக்கு ரயிலேறுவதே நன்று.

ஆனால் ஸ்தாபனத்தின் பெயரை நம்பி ஏமாறலாகாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில அனுமதியின்றித் தபால்வழி நடத்திய என்ஜினீயர் படிப்பில் 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்களைச் சுப்ரீம் கோர்ட்டு 2017-இல் நிறுத்திவைத்தது. மீண்டும் பரீட்சை தேறினாலே அவை செல்லும் என்றது. அந்தோ, பிழை ஸ்தாபனத்தினுடையது, தண்டம் மாணவருக்கு! பணம் கட்டுமுன், குழுவின் ஜாபிதாவில் அப்படிப்பும் சேரும் வருஷமும் காணப்படுகின்றனவா என்று நேயர்கள் பார்ப்பார்களாக.