இரவு 8 மணிக்குக் கடற்கரை காலி!

மணி 8 ஆகப் போகிறது. கோடை காலம், ஆகையால் வெளிச்சம் இன்னும் மறையவில்லை. கடல் நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. மணல் வீடு கட்டிய குழந்தைகளுக்கு அதை விட்டுவர மனம் இல்லை. ஆனாலும் அப்பா துண்டுகளை மடிக்கிறார். அம்மா செருப்புகளைத் தேடுகிறாள். கரையில் இருந்த எல்லாக் குடும்பங்களும் புறப்படுகின்றன.

ஏன் இந்த அவசரம்?

இரவில் அந்தக் கரைக்கு வேறு விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள் மனிதர்கள் அல்ல. ஆமைகள்!

இது துருக்கி நாட்டில் உள்ள இஸ்துசு கடற்கரை. தல்யான் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மே மாதம் முதல் அக்டோபர் வரை, இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை, இங்கே மனிதர்கள் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

குழந்தைகளோடு நீண்ட பயணம்

துருக்கிக்கு மூன்று பக்கம் கடல். வடக்கே கருங்கடல். மேற்கே ஈஜியன் கடல். தெற்கே மத்திய தரைக் கடல். குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள் பெரும்பாலும் மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் நாடுகிறார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள சொந்த வண்டியில் ஐரோப்பாவிலிருந்தே புறப்பட்டு, வாரக் கணக்கில் கரையோரமாகப் பிரயாணம் செய்யும் குடும்பங்களும் உண்டு.

பெரியவர்களுக்கு எபேசு நகரின் மீது ஆசை. 2,000 ஆண்டுப் பழமையான பளிங்கு வீதியும், நூலகத்தின் முகப்பும், சுமார் 25 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கமும் அங்கே இருக்கின்றன. ஒரு காலத்தில் அது துறைமுகம். ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து, கடல் பல கிலோ மீட்டர் தள்ளிப் போய்விட்டது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நிழல் குறைவு. பத்தாவது தூணைத் தாண்டுவதற்குள் குழந்தை அழத் தொடங்கிவிடும்!

குழந்தைகளுக்குப் பிடித்தவை வேறு. போத்ரும் கோட்டையில், கடலில் மூழ்கிய கப்பல்களுக்கு என்றே ஒரு கண்காட்சி சாலை இருக்கிறது. 1982-ல், கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் கடலடியில் விசித்திரமான பொருள்களைக் கண்டார். “காது முளைத்த உலோக பிஸ்கட்” என்று அவற்றை வர்ணித்தார். அவை செம்புக் கட்டிகள்! சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பல் அப்படித்தான் வெளிப்பட்டது. அதில் இருந்த செம்பு மட்டும் 10 டன்.

இன்னும் கிழக்கே போனால் தெம்ரே என்ற ஊர். ‘கிறிஸ்துமஸ் தாத்தா’ கதைக்கு மூலமான நிக்கோலஸ், 4-வது நூற்றாண்டில் பிஷப்பாக இருந்தது இங்கேதான். பனியில் சறுக்கு வண்டி ஓட்டும் தாத்தா உண்மையில் வெயில் ஊர்க்காரர்! அதற்கும் அப்பால் யானர்தாஷ் என்னும் மலைச் சரிவு. பாறை இடுக்குகளிலிருந்து வாயு கசிந்து, இரவு பகலாக நெருப்பு எரிகிறது. கையில் டார்ச் விளக்கோடு இருட்டில் மலை ஏறுவது என்றால் எந்தக் குழந்தைதான் தூங்கும்?

சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. ‘அய்ரான்’ என்று ஒரு பானம் எங்கும் கிடைக்கும். தயிரும் தண்ணீரும் உப்பும் கலந்தது. நம் மோரேதான்! ஊருக்கு ஊர் ‘தொல்முஷ்’ என்னும் சிறிய வேன் ஓடுகிறது. அந்தச் சொல்லுக்கு ‘நிரம்பியது’ என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடி நெரிசலும் உண்டு.

நாணலுக்கு நடுவே படகு

தல்யானிலிருந்து இஸ்துசுவுக்குப் படகில் போகலாம். இரு பக்கமும் ஆள் உயர நாணல். செங்குத்தான மலையில், கோவில் முகப்பைப் போலக் குடைந்த கல்லறைகள் தெரியும். அவை சுமார் 2,400 ஆண்டுப் பழமையானவை. பிறகு நாணல் விலகுகிறது. எதிரே கடல்! நாலரைக் கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் ஆற்று நீர், மறு பக்கம் கடல் நீர்.

இப்படிப்பட்ட இடத்தில் ஓட்டல் கட்ட ஆசை வராதா? வந்தது. 1987-ல் பெரிய ஓட்டல் ஒன்றுக்கு வேலை தொடங்கியது.

அப்போது அங்கே ஓர் ஆங்கிலேய மாது இருந்தார். பெயர் ஜூன் ஹைமாஃப். 1975-ல் படகில் அந்தப் பக்கம் வந்தவர், ஊர் பிடித்துப்போய் கடற்கரைக் குடிசையில் வசித்தார். ஊரார் அவரை ‘கேப்டன் ஜூன்’ என்று அழைத்தார்கள். இரவில் ஆமைகள் கரை ஏறுவதை அவர் கண்ணால் கண்டவர். ஓட்டல் வந்தால் விளக்கு வரும். விளக்கு வந்தால் ஆமைக்கு ஆபத்து என்று அவர் குரல் கொடுத்தார். துருக்கி நாட்டு இயற்கை ஆர்வலர்களும் வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேலை நின்றது. 1988-ல் அரசாங்கம் அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. கேப்டன் ஜூன் 2022-ல், 99-வது வயதில் காலமானார்.

விளக்கால் என்ன ஆபத்து?

இங்கே வருவது பெருந்தலை ஆமை. தாய் ஆமை இரவில் கரை ஏறி, பின்னங்கால்களால் குழி தோண்டும். 100 முட்டை வரை இடும். மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். காவலும் கிடையாது, அடைகாப்பதும் கிடையாது. சூரியன்தான் அடைகாக்கிறது! மணல் அதிகம் சுட்டால் பெண் குஞ்சு. சூடு குறைந்தால் ஆண் குஞ்சு.

ஏறக்குறைய 2 மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றுக்கு வழிகாட்டி யாரும் இல்லை. வெளிச்சம் உள்ள பக்கம் ஓடும். இருட்டான இரவில், வானத்தின் ஒளி பட்டு மினுக்கும் கடல்தான் வெளிச்சம். கரையில் ஓட்டல் விளக்கு எரிந்தால், பாவம், குஞ்சுகள் அந்தப் பக்கம் ஓடிச் சாகும். தப்பிக் கடல் சேர்ந்தாலும், ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து பெரிதானால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். பெண் ஆமை முட்டையிடத் தயாராக இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். பிறகு, தான் பிறந்த கரைப் பக்கமே தேடி வரும். 1988-ல் இந்த மணலில் பொரித்த குஞ்சு பிழைத்திருந்தால், அதுவே இன்று தாய்!

ஆமைக்கு உலோகத் தாடை

கரை ஓரத்திலேயே ஆமைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. பமுக்கலே பல்கலைக் கழகம் நடத்துகிறது. தூண்டில் முள்ளை விழுங்கியவை, படகு விசிறியில் அடிபட்டவை எல்லாம் தொட்டிகளில் கிடக்கும். 2015-ல், படகு விசிறியால் முகம் சிதைந்த ஓர் ஆமைக்கு டைட்டானியம் உலோகத்தில் தாடை செய்து பொருத்தினார்கள். கடற்கரையில் பந்து விளையாடிக் களைத்த குழந்தைகளும் இங்கே வந்ததும் சத்தம் இல்லாமல் நிற்கிறார்கள்.

ஓட்டல் நின்றுவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கோடையில் படகு படகாகக் கூட்டம் வருகிறது. அதனால்தான் கட்டுப்பாடு. மணலில் மரக் குச்சிகள் நட்டிருக்கிறார்கள். அந்த வரிசைக்கு அப்பால் குடை ஊன்றக் கூடாது. அங்கேதான் முட்டைகள் இருக்கின்றன. நரி தோண்டாதபடி கூடுகளின் மேல் கம்பிக் கூண்டு வைக்கிறார்கள். குழந்தைகள் தோண்டிய குழிகளை, போகும்போது மூடிவிட்டுப் போவது நல்லது. நமக்கு அரை அடிப் பள்ளம். குஞ்சுக்கு அது கிணறு.

மறுநாள் காலை 8 மணிக்குக் கரை திறக்கிறது. முந்திய நாள் மணல் வீடு கட்டிய குழந்தைகள் முதலில் ஓடி வருகிறார்கள். மணலில் ஒரு தடம் தெரிகிறது, டிராக்டர் சக்கரம் போன மாதிரி. கடலிலிருந்து ஏறி, மணல் வீடு இருந்த இடத்தின் மேலேயே போய், குச்சி வரிசையைத் தாண்டி நிற்கிறது. அங்கிருந்து இன்னொரு தடம் கடலுக்கே திரும்பிப் போகிறது.