99 சதவீதம் போதுமா?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்டால், முதலில் காட்டப்படும் எண் பி.ஓ.டி. நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதைச் சொல்லும் அளவு அது. இந்தக் கழிவை நீக்கும் முயற்சியில், 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்தி, அடியில் படிந்த கசடை மறுபடி புதுக் கழிவுநீரில் கலந்து பார்த்தார்கள். நீர் முன்பைவிட வேகமாகத் தெளிந்தது. கசடில் பெருகியிருந்த பாக்டீரியாக்களே அந்த வேலையைச் செய்தன. இன்றும் நகரக் கழிவுநீரைத் தெளியவைப்பவை பெரும்பாலும் அவைதான். ஆனால் எவ்வளவு அழுக்கு குறைந்தது என்று பார்க்கும் நாம், எந்த உயிர்கள் தப்பி வெளியேறின என்பதை அதே அக்கறையுடன் பார்ப்பதில்லை. மதுரை போன்ற ஊருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

சுத்திகரிக்காத சாக்கடையில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு கோடி கோலிஃபார்ம் பாக்டீரியா இருப்பது சாதாரணம். காற்றூட்டும் முறை நன்றாக நடந்தால் அதில் 90 முதல் 99 சதவீதம் வரை நீங்கும். கேட்க நிறைவாக இருக்கிறது; ஆனால் ஒரு கோடியில் 99 சதவீதம் போனாலும் ஒரு லட்சம் மிஞ்சும். குளிக்கும் நீரில் அதே 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் 500க்குள் இருப்பது நல்லது, 2,500ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. அதனால்தான் கடைசியில் குளோரினோ புற ஊதாக் கதிரோ தேவைப்படுகிறது. ஆண்டெல்லாம் நீரோடும் ஆறு என்றால் மிச்சம் கரைந்து நீர்த்துப்போகும் என்று தேற்றிக்கொள்ளலாம். மதுரை வழியே ஓடும் வைகைக்கு அந்த வசதி இல்லை. அணையில் தண்ணீர் திறக்காத மாதங்களில் நகருக்குள் ஆற்றில் தெரியும் நீரில் பெரும்பகுதி, பந்தல்குடி போன்ற வாய்க்கால்கள் கொண்டுவந்து சேர்க்கும் கழிவுநீர்தான்.

எண்ணிக்கையோடு சிக்கல் முடிவதில்லை. மருந்துக்கு அடங்காத தன்மையைத் தரும் மரபணுக்களை பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும். 2011இல் வெளியான ஆய்வொன்று, புதுடெல்லித் தெருக்களில் தேங்கியும் கசிந்தும் கிடந்த நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய் நீரின் 50 மாதிரிகளில் 2இலும் என்.டி.எம்-1 மரபணுவைக் கண்டது. கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் மரபணு அது. சுத்திகரிப்புத் தொட்டியிலோ பலவகை பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. நம் உடலைக் கடந்து வந்த மருந்தின் மிச்சமும் அங்கே சேர்கிறது. இங்கே என்ன நடக்கிறது என்பதை பி.ஓ.டி. சொல்லாது, டி.என்.ஏ. சோதனைதான் சொல்லும்.

நீரில் மரபணு இருந்தாலே நோய் வந்துவிடுமா என்று கேட்கலாம். வராது. ஆஸ்பத்திரியிலும் மருந்துக்கடையிலும் ஆன்டிபயாடிக் வரைமுறையின்றிப் புழங்குவதே வேர் என்பதும் சரி. ஆனால் கழிவுநீர் முன்கூட்டியே துப்புக் கொடுக்கும். உதாரணமாக, போலியோ வைரஸ் தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வரும். மற்றவர்கள் மூலம் அது சத்தமின்றிப் பரவும். அதைப் பிடிக்கவே 2001 முதல் மும்பைச் சாக்கடை நீரைச் சோதித்தார்கள். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றதில் இந்தக் கண்காணிப்புக்கும் பங்குண்டு.

கடலில் கலந்தால் உப்பும் வெயிலும் கிருமியைக் கொன்றுவிடாதா என்பது அடுத்த கேள்வி. கோலிஃபார்ம் கடலில் சீக்கிரம் சாகும், உண்மைதான். என்டெரோகாக்கஸ் வகை கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். கடல்நீரின் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் அதைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், கழிமுகத்தில் இயல்பாக வாழும் காலரா விப்ரியோ, இறால் ஓட்டிலுள்ள கைட்டின்மேல் வளரும்போது சுற்றியுள்ள டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துக்கொள்ளும். செத்த பாக்டீரியாவின் மரபணுவும் அங்கே பிழைக்க வழியுண்டு. வைகைதான் கடல்வரை போவதே அபூர்வமாயிற்றே என்றால், அதுவும் ஆறுதல் ஆகாது. ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து மிஞ்சும் ஆண்டுகளில் ஆறு பாக் நீரிணையைத் தொடுகிறது. சேற்றில் மாதக்கணக்கில் தங்கிய நுண்ணுயிர்களையும் வெள்ளம் கிளப்பிக்கொண்டு போகும்.

சாக்கடையிலிருந்து கடல்வரை நீளும் இந்தத் தடத்தை முழுதாகத் தொடர வாய்ப்பாக, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு ஊருக்கு மேற்கே உயிரியல் ஆய்வகங்களும், புதுமடத்தில் கடலோர ஆய்வு மையமும் இருக்கின்றன. அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களில் நுழையும் நீர், வெளியேறும் நீர், கீழ்ப்பகுதிக் கண்மாய், கழிமுகம் என்று ஒரே முறையில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து முடிவுகளை வெளியிடலாம். முதலில் சாக்கடையை அடைக்காமல் ஆராய்ச்சி எதற்கு என்போருக்கும் அதில் பதில் உண்டு. பாக்டீராய்டிஸ் வகையின் டி.என்.ஏ. அடையாளங்களைக் கொண்டு ஒரு வாய்க்காலில் வருவது மனிதக் கழிவா, மாட்டுக் கழிவா என்று பிரித்தறியலாம். எல்லா வாய்க்காலையும் ஒரே ஆண்டில் சீர்செய்ய மாநகராட்சியிடம் பணம் இருக்கப்போவதில்லை; எதை முதலில் அடைப்பது என்பதை ஊகத்துக்கு விடாமல் முடிவு செய்ய இந்தச் சோதனை வேண்டும்.