முகம் ஒருவர், உடல் மற்றொருவர்!

பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? "தொடர்கதையைத்தான்" என்று சொல்வீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தொடர்கதையைத் தேடிப் பக்கத்தைப் புரட்டுமுன், உங்கள் கண் அட்டைப் படத்தில் ஒரு விநாடியாவது நின்றுவிடுகிறது அல்லவா? அந்த ஒரு விநாடியிலேயே, "இவளுக்கென்ன, கொடுத்து வைத்தவள்!" என்றோ, "அடடா, என்னமாய் இளைத்துவிட்டாள்!" என்றோ ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுகிறீர்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அப்புறம்தான். சில சமயம் பார்ப்பதே இல்லை!

பிரபலமானவர்களைப் பற்றி நம் மனத்தில் உள்ள சித்திரம் பெரும்பாலும் இப்படி அட்டை அட்டையாகச் சேர்ந்ததுதான். அதில் நிஜம் எவ்வளவு? அமெரிக்க டெலிவிஷனில் 25 ஆண்டுகள் கொடி கட்டிப் பறந்த ஓப்ரா வின்ஃப்ரேயின் கதையைக் கேளுங்கள்.

கொழுப்பு வண்டி

ஓப்ரா 1954-ல் மிஸிஸிப்பி மாகாணத்தில் ஓர் ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டியின் வீட்டில் வளர்ந்தபோது உருளைக்கிழங்குச் சாக்கில் தைத்த கவுன் அணிந்த சிறுமி அவர். 1986-ல் அவருடைய பேட்டி நிகழ்ச்சி அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மத்தியான்ன வேளையில் வீட்டிலிருந்த பெண்கள் அவரைத் தங்கள் சொந்தத் தோழியாகவே பாவித்தார்கள்.

ஆனால் அந்தத் தோழி பருமனாக இருந்தார். ஊரே அதைப் பற்றிப் பேசியது. 1988-ல், மாதக்கணக்கில் திரவ ஆகாரம் மட்டுமே அருந்தி உடம்பை இளைக்க வைத்தார். பிறகு ஒரு நாள், 67 ராத்தல் மிருகக் கொழுப்பை ஒரு சிறு வண்டியில் ஏற்றி, நிகழ்ச்சி மேடைக்கு இழுத்து வந்தார். சுமார் 30 கிலோ! "இவ்வளவும் என் உடம்பிலிருந்து போனது" என்று காட்டத்தான். அரங்கம் ஆரவாரம் செய்தது. போன எடையோ சில மாதங்களிலேயே திரும்பத் தொடங்கிவிட்டது.

இரவல் உடல்

அடுத்த ஆண்டு, 1989 ஆகஸ்டில், 'டி.வி. கைட்' என்ற பிரபல வாரப் பத்திரிகையின் அட்டையில் ஓப்ரா வந்தார். பளபளக்கும் மெல்லிய கவுன், ஒடிசலான இடை, உட்கார்ந்திருப்பது டாலர் நோட்டுக் குவியலின் மேல். டெலிவிஷனிலேயே பெரிய பணக்காரி இவர்தானோ என்று கேட்டது தலைப்பு.

பார்த்தவர்கள் வியந்தார்கள். ஒருவர் மட்டும் திடுக்கிட்டார். அவர் பாப் மாக்கி என்ற உடை நிபுணர். "அந்த கவுன் நான் தைத்ததாயிற்றே! ஆனால் ஓப்ராவுக்கு அல்லவே!" என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஆன்-மார்கிரெட் என்ற சினிமா நட்சத்திரத்துக்காக அவர் உருவாக்கிய உடை அது. 1979-ல் எடுத்த அந்த நடிகையின் விளம்பரப் படத்தைப் பார்த்து உடலை வரைந்து, அதன் மேல் ஓப்ராவின் முகத்தைப் பொருத்தியிருந்தார்கள். இரு பெண்களில் ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இதன் பொருளை நினைத்துப் பாருங்கள். பணம் ஓப்ராவுடையது, புகழும் அவருடையது, உடல் மட்டும் இரவல்! அவ்வளவு உயரத்துக்கு ஏறி வந்த பெண்ணின் சொந்த உடம்பு, அந்தப் பணக் குவியலின் மேல் உட்காரத் தகுதியற்றது என்றல்லவா சொல்லாமல் சொல்லியது அந்த அட்டை?

ஆளையே திருத்தினார்கள்

1998-ல் 'வோக்' என்ற நாகரிகப் பத்திரிகையின் அட்டையில் ஓப்ரா இடம் பெற்றார். இந்த முறை உடல் அவருடையதேதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. படம் எடுக்குமுன் சுமார் 20 ராத்தல் குறைத்தால் நல்லது என்று ஆசிரியை அன்னா வின்டூர் நயமாகச் சொன்னார், ஓப்ராவும் குறைத்தார். பின்னாளில் ஒரு டெலிவிஷன் பேட்டியில் வின்டூரே இதைச் சொல்லியிருக்கிறார்.

1989-ல் படத்தைத் திருத்தினார்கள். 1998-ல் ஆளையே திருத்தினார்கள்!

சொந்த அட்டை

2000-ல் ஓப்ரா தாமே 'ஓ' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். மாதந்தோறும் அட்டையில் அவர்தான். இனி யாரும் இரவல் உடல் கொடுக்க முடியாது.

ஆனாலும் பழைய பயம் விட்டதா? 2009 ஜனவரி அட்டையில் இரண்டு ஓப்ராக்கள் அருகருகே நின்றார்கள்: இளைத்திருந்த பழைய ஓப்ரா, பருத்துவிட்ட புதிய ஓப்ரா. மறுபடியும் இப்படி ஆகும்படி விட்டுவிட்டேனே என்று தம்மையே நொந்துகொள்ளும் வாசகம் பக்கத்தில். பத்திரிகை அவருடையதுதான்; அளவுகோல் மட்டும் இன்னும் பிறருடையதாகவே இருந்தது.

2020 செப்டம்பர் இதழில் ஓர் அதிசயம் நடந்தது. இருபது ஆண்டுகளில் முதல் முறையாக ஓப்ரா அட்டையில் இல்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் பிரியோனா டெய்லர்: வயது 26, ஆஸ்பத்திரி ஊழியர். அந்த ஆண்டு மார்ச்சில், லூயிவில் நகரில், நள்ளிரவில் வீடு புகுந்த போலீசார் சுட்டதில் உயிரிழந்த பெண். பிரியோனா தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படத்தை வைத்துத்தான் அந்த ஓவியத்தைத் தீட்டியிருந்தார்கள். இரவல் உடல் இல்லை, இளைக்கச் சொன்னவரும் இல்லை. அதுவரை செய்தியில் ஒரு பெயராக மட்டும் அவரை அறிந்திருந்த பலருக்கு அவர் ஒரு முகமானார். அட்டைக்கு இப்படியும் ஒரு சக்தி உண்டு.

அந்த ஆண்டு டிசம்பரோடு, மாத இதழாக 'ஓ' அச்சில் வருவது நின்றுவிட்டது. 2024-ல், எழுபது வயதான ஓப்ரா அந்தக் கொழுப்பு வண்டியை நினைவுகூர்ந்தார். தம்மாலும் பிறராலும் எட்ட முடியாத ஓர் அளவை அன்று பெண்களுக்கு வைத்துவிட்டதாக மனம் திறந்து ஒப்புக்கொண்டார். பிறர் கையில் பட்டபாட்டையே தாமும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டோம் என்று உணர, அவருக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

நமக்கு அவ்வளவு காலம் எதற்கு? இன்று படத்தைத் திருத்த ஓவியர்கூட வேண்டாம், கைப்பேசியே போதும். ஆகையால் அடுத்த தடவை அட்டையைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுப் பெண் கண்ணாடி முன் நின்று முகம் வாடினால், ஓப்ராவின் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். அட்டையில் இருப்பவளைப் போல ஆக வேண்டுமென்று தட்டில் ஒரு பிடி சோற்றைக் குறைப்பதற்கு முன், அந்த உடல் யாருடையது என்று ஒரு தரம் கேட்டுவிடட்டும்!