லினக்ஸில் பொதியும் அதன் சார்பும்

லினக்ஸ் கணினியில் தமிழெழுத விழையும் நம் கஹவத்தை மாணவர் முதலில் இடறுமிடம் ஒன்றுண்டு. இலங்கைத் தமிழ் விசைப்பலகையாகிய ரெங்கநாதன் முறைக்கு 'ஐபஸ்-எம்17என்' என்னும் பொதி வேண்டும். இணைய வசதியுள்ள நண்பரிடம் அதனை மட்டும் பென்டிரைவிற் பெற்றுவந்து 'டிபிகேஜி' கட்டளையால் நிறுவ முயன்றால், பொதி விரியும். ஆயினும் சார்புகள் இல்லையெனக் கூறி அமைவுறாது நின்றுவிடும்.

சார்பெழுத்து முதலெழுத்தையின்றி அமையாதவாறு போல, இப்பொதியும் பிற பொதிகளின்றி இயங்காது. அது எம்17என் நூலகத்தை வேண்டும். அந்நூலகமோ 'எம்17என்-டிபி' என்னும் தரவுப் பொதியை வேண்டும். நாம் தேடும் விசைப்பலகை வரைவு அந்த மூன்றாம் பொதியினுள்ளேதான் இருக்கின்றது! ஆதலின், பிறர் சொல்லக் கேட்டு வலிந்து நிறுவும் கட்டளையை இடுவோர்க்கு ஓரெழுத்தும் வாராது.

1999இல் வெளிவந்த டெபியன் 2.1ஆம் பதிப்பிற் சேர்ந்த 'ஆப்ட்' இச்சங்கிலியைத் தானே தேடிக் கொணர்கின்றது. டெபியனின் வழிவந்த உபுண்டுவிலும் அதுவே. இணைப்புள்ளபோது 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்' என இடுக. (தமிழெழுதுதற்கும் ஆங்கில எழுத்திலேயே ஆணையிட வேண்டியிருப்பது ஒரு விந்தையே.) இடையில் முறிந்த நிறுவலைச் செப்பனிட 'ஃபிக்ஸ்-புரோக்கன்' என்னும் வழியுண்டு. ஆனால் இணைப்பில்லாதபோது அது பொதியையே நீக்க முனையக்கூடும்; 'ஒய்' அழுத்துமுன் நீக்கப்படுவனவற்றின் பட்டியலைப் படித்தல் வேண்டும்.

இணைப்பே இல்லாத பள்ளிக் கணினிக்கு, அதே பதிப்புக்குரிய பொதிகள் அனைத்தையும் ஒரே கோப்புறையில் எடுத்துவந்து ஒருங்கே நிறுவுக.