ஜன்னலில் ஒரு விரிசல்

ஷென்சோ-20 குழுவினர் மூவரும் சீனாவின் தியாங்கோங் விண்வெளி நிலையத்துக்குப் போனது 2025 ஏப்ரல் 24 அன்று. ஆறு மாத வேலை முடிந்தது. மாற்றுக் குழு வந்தது. அவர்கள் கொண்டுவந்த மின்அடுப்பில் கோழி இறக்கைகூட வாட்டிச் சாப்பிட்டார்கள். நவம்பர் 5 அன்று பூமிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில்தான் கலத்தின் ஜன்னலில் மெல்லிய விரிசல்கள் தெரிந்தன. விண்வெளிக் குப்பை மோதியிருக்கலாம் என்று சந்தேகம்.

வளிமண்டலத்தில் நுழையும்போது ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும். அங்கே சின்ன விரிசல் என்று எதுவும் கிடையாது.

மாற்றுக் குழுவின் ஷென்சோ-21 கலத்தில் ஏறி, நவம்பர் 14 அன்று உள் மங்கோலியாவில் இறங்கினார்கள். மொத்தம் 204 நாட்கள். சரியான முடிவு. ஆனால் மேலே தங்கிய மூவருக்கு நம்பி ஏறக் கலம் இல்லை! நவம்பர் 25 அன்று ஆளில்லா ஷென்சோ-22 போய்ச் சேரும்வரை அந்த நிலைதான்.