பழைய டி-சர்ட்டும் குழந்தையின் பைஜாமாவும்

பெரியவர்கள் உடுத்திக் கழித்த பருத்தி டி-சர்ட்டை வெட்டிக் குழந்தைக்கு இரவில் அணியும் பைஜாமாவாகத் தைப்பது பெரும்பாலும் சிக்கனக் கணக்கில் மட்டுமே வைத்துப் பார்க்கப்படுகிறது. அந்தக் கணக்கும் சிறியதன்று. ஒரு கிலோ பருத்தித் துணி உருவாவதற்கு, செடி வளர்வது முதல் சாயம் ஏறுவது வரை, உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாகிறது என்று நீர்த்தடம் பற்றிய ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. எனினும் இந்தத் தையலில் அதைவிட ஆழமான ஒரு செய்தி இருக்கிறது. டி-சர்ட்டின் துணி இழுத்தால் நீளும். அவ்வாறு நீளும் துணியால்தான் உடலின் அளவை மீறாத உடையைக் குழந்தைக்கு உறுத்தாமல் தைக்க இயலும். உடலை ஒட்டி நிற்கும் உடையே தீப்பற்றும் ஆபத்து குறைந்தது. ஆகவே துணியின் கண்ணி அமைப்பும் தீயின் இயல்பும் தெரிந்து தைப்பவர், பணத்தை மட்டுமல்லாமல் பாதுகாப்பையும் சேர்த்தே தைக்கிறார்.

சட்டைத் துணியும் வேட்டியும் நெய்யப்படுபவை. அவற்றில் நெடுக்காக ஓடும் பாவு நூலும் குறுக்காக ஓடும் ஊடு நூலும் ஏறக்குறைய நேர்கோடாகக் கிடந்து ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதால், இழுத்தால் விரிவதற்கு அங்கே இடமில்லை. டி-சர்ட்டின் துணியோ பின்னப்படுவது. திருப்பூரில் பனியன் துணி என்றே வழங்கும் இவ்வகைத் துணியில், ஒரு நூல் வளைந்து கண்ணியாகி, அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து, அதற்குள் மற்றொன்று நுழைந்து துணி உருவாகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் பொறியை அமைத்தபோது கையால் செய்துவந்த இந்த வேலை இயந்திரத்துக்கு மாறியது. இன்றைய வட்டப் பின்னல் இயந்திரங்களும் அடிப்படையில் அதே வேலையைத்தான் பன்மடங்கு வேகத்தில் செய்கின்றன. துணியை இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. வளைந்திருக்கும் கண்ணி தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அகலவாக்கில் இழுத்தால் கண்ணியின் இரு கால்களும் விலகி அவற்றிலுள்ள நூல் குறுக்காகச் சாய்வதற்கு நிறைய இடம் கிடைக்கிறது. நீளவாக்கில் அவ்வளவு கிடைப்பதில்லை. ஆகையால் டி-சர்ட் துணி குறுக்கே அதிகமாகவும் நெடுக்கே குறைவாகவும் விரிகிறது. குழந்தையின் இடுப்பையும் தொடையையும் சுற்றிவரும் திசையில் இந்தக் குறுக்கு விரிவு அமைய வேண்டும் என்பதே வெட்டும்போது கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதியாகும்.

கண்ணிகள் மேலும் கீழுமாக அடுக்கியிருக்கும் வரிசையை நெடுவரிசை என்று கொண்டால், நல்ல வெளிச்சத்தில் டி-சர்ட்டின் வெளிப்பக்கத்தில் அது மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும். புதிய உடையில் பக்கத் தையலும் இந்தக் கோடும் இணையாக இருக்கும்; பல முறை துவைத்த உடையில் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி நிற்பதைக் காணலாம். ஒற்றை நூலில் நூற்கும்போது ஏற்றப்பட்ட முறுக்கு, ஈரம் பட்டதும் தளர முயன்று கண்ணிகளை ஒரு பக்கமாகச் சாய்ப்பதே இதன் காரணம். எனவே பழைய டி-சர்ட்டில் பக்கத் தையலை நம்பி வெட்டினால் பைஜாமாவின் கால் முறுக்கிக்கொண்டு நிற்கும். கண்ணிக் கோட்டைப் பார்த்து வெட்டினால் நேராக விழும். வெட்டிய ஓரம் சுருண்டுகொள்வதும் இதே அமைப்பின் விளைவுதான்: வளைந்த நூல் நிமிர முயல்வதால் பக்க ஓரங்கள் துணியின் உட்புறமாகவும், மேல் கீழ் ஓரங்கள் வெளிப்புறமாகவும் சுருளும்.

பழைய துணி என்பதில் ஒரு குறையும் இரண்டு நிறைகளும் உள்ளன. ஆலையில் பின்னி, சாயமேற்றி, உலர்த்தும் ஒவ்வொரு கட்டத்திலும் துணி நீளவாக்கில் இழுபடுகிறது. அந்த இழுவையில் ஒடுங்கிய கண்ணிகள் நீரில் நனைந்து அலசப்படும்போது மெல்ல மெல்லத் தம் இயல்பான வடிவத்துக்குத் திரும்புகின்றன. இதனைத் தளர்வுச் சுருக்கம் என்பர். புதிய பருத்திப் பின்னல் துணி முதல் சில துவைப்புகளில் கண்கூடாகச் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் துவைத்த டி-சர்ட்டில் அந்தச் சுருக்கம் முடிந்துவிட்டதால், இன்று அளந்து தைத்த அளவு அடுத்த மாதமும் மாறாது. இழையோடு பிணையாமல் ஒட்டிக்கொண்டிருந்த சாயமும் ஆலையில் பூசிய பதப்படுத்தும் பொருள்களும் பெரும்பகுதி வெளியேறியிருப்பது இரண்டாவது நிறை. மெல்லிய தோலுடைய குழந்தைக்கு இது முக்கியமானது. குறை என்பது தேய்மானம். அக்குள் பகுதியில் வியர்வையும் வியர்வைத் தடுப்புப் பூச்சுகளும் படிந்து துணி கெட்டிப்பட்டிருக்கும்; தோளும் கழுத்தும் தொங்கலின் எடையைத் தாங்கித் தளர்ந்திருக்கும். லைக்ரா எனப்படும் நீள்இழை கலந்த டி-சர்ட்டாக இருந்தால், குளோரின் வெளுப்பானும் சூடும் அந்த இழையைச் சிதைத்திருக்கக்கூடும். துணியை ஒரு சாண் அளவுக்குக் குறுக்கே இழுத்து விட்டுப் பார்த்து, பழைய அளவுக்குத் திரும்பாத இடத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

இனித் தீயைப் பற்றிப் பேச வேண்டும். இந்தத் தையலில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இதுவே. ஒரு பொருள் தொடர்ந்து எரிவதற்குச் சூழலில் குறைந்தது எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை விழுக்காட்டில் சொல்லும் அளவு ஆக்சிஜன் வரம்பெண் எனப்படும். கம்பளிக்கு இது ஏறத்தாழ 25, பருத்திக்கு ஏறத்தாழ 18. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு இருப்பதால், பருத்தி ஒருமுறை பற்றிக்கொண்டால் தானாக அணைவதில்லை. தீ மேல்நோக்கிப் பரவும்போது எழும் சூடான வாயு மேலேயுள்ள துணியை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால், தொங்கும் துணியில் அது விரைந்து ஏறுகிறது; துணிக்கும் உடலுக்கும் இடையே காற்று புகுந்துவர இடமிருந்தால் துணி இருபுறமும் எரிகிறது. அகன்று தொங்கும் நைட்டியோ பாவாடையோ அடுப்பையும் விளக்கையும் தொடும் வாய்ப்பும் அதிகம், தொட்டபின் எரியும் வேகமும் அதிகம். உடலை ஒட்டிய உடையில் தொங்கல் இல்லை. உட்புறத்தில் காற்றும் இல்லை. போதாததற்குத் தோலே வெப்பத்தை ஓரளவு உறிஞ்சிக்கொண்டு துணி சூடாவதைத் தாமதப்படுத்துகிறது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும் பிள்ளைகளுக்குத் தொளதொளப்பில்லாத பருத்தி உடையை உடுத்தச் சொல்லும் அறிவுரைக்குப் பின்னாலும் இதே காரணங்கள்தாம் இருக்கின்றன.

அமெரிக்கா இந்த உண்மைக்கு வந்து சேர்ந்த வழி நேரானதன்று. எளிதில் தீப்பற்றும் துணிகளைத் தடுக்கும் சட்டம் அங்கே 1953-இல் வந்தது. குழந்தைகளின் இரவு உடைக்கென்று தனி விதிகள் 1971-லும் 1974-லும் வகுக்கப்பட்டன. தொங்கவிட்ட துணியின் கீழ் ஓரத்தில் 3 விநாடி தீயைக் காட்டினால் அது சராசரியாக 7 அங்குலத்துக்கு மேல் கருகக்கூடாது என்பதும், 50 முறை துவைத்த பின்னரும் இந்தச் சோதனையில் தேற வேண்டும் என்பதும் அவ்விதிகளின் சாரம். வெறும் பருத்தி இதில் தேறாது. ஆகவே உற்பத்தியாளர்கள் செயற்கை இழைகளுக்கு மாறி, அவற்றில் டிரிஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட, புரோமினும் பாஸ்பரசும் கொண்ட தீத்தடுப்புச் சேர்மத்தைத் துணியின் எடையில் 5 விழுக்காடு அளவுக்கு ஏற்றினார்கள். அச்சேர்மம் மரபணுக்களில் திடீர்மாற்றத்தை உண்டாக்குவது என்று ஆய்வாளர்கள் ஆர்லீன் புளமும் புரூஸ் ஏம்ஸும் 1977 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினர். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை விதித்தது. அந்த உடையை அணிந்த குழந்தையின் சிறுநீரில் அச்சேர்மத்தின் சிதைபொருள் இருந்ததும் மறுஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது. தீயிலிருந்து காப்பதற்காகப் பூசிய பொருள் தோல் வழியே குழந்தையின் உடலுக்குள் போய்க்கொண்டிருந்தது என்பது, நல்ல நோக்கத்தோடு அவசரமாக எடுக்கப்படும் தீர்வுகள் எவ்வளவு தூரம் வழிதவறக்கூடும் என்பதற்குக் கசப்பான சான்றாகும்.

1996-இல் அதே ஆணையம் விதியைத் திருத்தி, உடலை ஒட்டிய இரவு உடைகளுக்கும் 9 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உடைகளுக்கும் அந்தச் சோதனையிலிருந்து விலக்களித்தது. மார்பு, இடுப்பு, பிட்டம், மேற்கை, மணிக்கட்டு, தொடை, கணுக்கால் ஆகிய 7 இடங்களிலும் உடை குறிப்பிட்ட அளவை மீறக்கூடாது என்பது நிபந்தனை; அந்த அளவுகள் குழந்தையின் உடல் அளவையே ஒட்டியவை. பிரிட்டனின் 1985-ஆம் ஆண்டு விதிகளும் குழந்தைகளின் நைட்டிகளுக்குத் தீச்சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டு, பைஜாமாவுக்கு எச்சரிக்கைச் சீட்டு இருந்தால் போதும் என்று விட்டன. உடலைவிடப் பெரிதாக இல்லாத உடையை நெய்த துணியில் தைத்தால் குழந்தையால் உட்காரவும் முடியாது; பின்னல் துணியின் கண்ணிகள் இங்கே இன்றியமையாதவை ஆவது இதனால்தான்.

வளரும் பிள்ளை என்று எல்லாப் பக்கமும் தாராளமாக விட்டுத் தைப்பது நம் வீடுகளிலும் தையற்கடைகளிலும் ஊறிய பழக்கம். இரவு உடையில் அந்தத் தாராளத்தை அகலத்தில் காட்டக்கூடாது. நீளத்தில் உள்மடிப்பாக விட்டுவைத்து, பின்னர் அவிழ்த்துக்கொள்ளலாம். அகலத்தில் ஏற்படும் வளர்ச்சியைத் துணியின் விரிவே சில மாதங்களுக்குத் தாங்கிக்கொள்ளும்.

சிறு குழந்தைக்கு டி-சர்ட்டின் இரு பக்க மடிப்புகளிலும் ஒவ்வொரு காலை வெட்டலாம். அக்குளுக்குக் கீழே கிடைக்கும் நீளம் போதாத உயரமான பிள்ளைக்கு முன்பக்கத்தில் ஒரு காலையும் பின்பக்கத்தில் மற்றொரு காலையும் வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு முறையிலும் காலின் வெளிப்பக்கத்தில் புதிதாகத் தைக்க வேண்டியதில்லை. டி-சர்ட்டின் கீழ் மடிப்பு அப்படியே பைஜாமாவின் கீழ் மடிப்பாகிவிடும். ஆலையில் ஃபிளாட்லாக் இயந்திரத்தில் இரட்டை ஊசியால் தைத்த அந்த மடிப்பு இழுத்தாலும் அறாதது என்பதால், வீட்டில் அதற்கு நிகரான ஒன்றைத் தைப்பதைவிட இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். முதலில் ஒவ்வொரு காலின் உட்பக்கத்தையும் மூட்டி, பிறகு ஒரு காலை மற்றொன்றுக்குள் நுழைத்துக் கவட்டைச் சுற்றித் தைத்தால் உடை உருவாகிவிடும். இடுப்புக்கு எலாஸ்டிக் போதும், நாடா வேண்டாம். உறக்கத்தில் சிக்கி இறுக்கக்கூடிய நீளமான கயிறு எதுவும் குழந்தையின் இரவு உடையில், குறிப்பாகக் கழுத்தருகே, இருக்கக்கூடாது.

வீட்டுத் தையல் இயந்திரத்தின் நேர்த்தையலில் மேல்நூலும் கீழ்நூலும் துணிக்குள் ஒன்றையொன்று கொக்கியிட்டு நேராக ஓடுகின்றன. துணி விரியும்போது நூலால் விரிய முடியாததால் ‘பட்’டென்று அறுந்துவிடும். குறுகலான ஜிக்ஜாக் தையல் வளைந்து செல்வதால், துணியோடு சேர்ந்து நீள்வதற்கு அதில் நூல் மிச்சமிருக்கிறது. ஊசியும் வேறாக இருக்க வேண்டும். கூர்முனை ஊசி நூலையே குத்தி அறுத்தால் ஒரு கண்ணி அவிழ்ந்து, அதைப் பற்றியிருந்த அடுத்ததும் அவிழ்ந்து, ஏணிப்படி போல ஓட்டை கீழிறங்கும். முனை சற்று உருண்ட பால்பாயிண்ட் ஊசி நூல்களை விலக்கிக்கொண்டு இடைவெளியில் இறங்கும். தைக்கும்போது துணியைக் கையால் இழுத்துப் பிடித்தால் விளிம்பு அலையலையாக நின்றுவிடும் என்பதால், இயந்திரப் பற்கள் நகர்த்தும் வேகத்திலேயே அதை விட்டுவிட வேண்டும்.

மார்பில் அச்சிட்ட படத்தை ஆசையோடு பைஜாமாவில் கொண்டுவர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடித்து ரப்பர்போல் கைக்குத் தட்டுப்படும் அச்சுகள் பெரும்பாலும் பிளாஸ்டிசால் எனும் மையால் ஆனவை. பிவிசி துகளை இளக்கியில் கலந்து, சூட்டில் இறுகவைப்பது அதன் முறை. அந்த இளக்கியாக நெடுங்காலம் தாலேட் சேர்மங்கள் பயன்பட்டன. அவற்றில் சிலவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களிலும், 3 வயதுக்கு உட்பட்டோரின் உறக்க உடை உள்ளிட்ட பராமரிப்புப் பொருள்களிலும் 0.1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்கச் சட்டம் 2008-இல் வரம்பிட்டது. பழைய டி-சர்ட் எந்த ஆண்டில், எந்த மையால் அச்சானது என்று வீட்டில் கண்டறிய வழியில்லை. மேலும் அந்தப் படலம் வியர்வையையும் வெளியே விடாது. அச்சுள்ள பகுதியை வெட்டி ஒதுக்கி, பட்டறைகளில் இயந்திரம் துடைக்கப் பனியன் கழிவைப் பயன்படுத்துவதுபோல, சைக்கிளையும் மின்விசிறியையும் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.